திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கற்கட்டுமானப் பாதுகாப்பு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கற்கட்டுமானப் பாதுகாப்பு என்பது, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரில் அண்ணாமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள அருணாசலேசுவரர் கோயிலின் கோபுரங்கள், மண்டபங்கள், மதில்கள் ஆகியவற்றின் கற்பகுதிகள் சிதையாமல் காப்பதற்கும், சிதைந்தவற்றைச் சீர்செய்வதற்கும் மேற்கொள்ளப்படும் பணிகளைக் குறிக்கும். மக்கள் வழக்கில் இப்பணிகள் திருப்பணி என்றே அழைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 25 ஏக்கர் (10 எக்டேர்) பரப்புள்ள இக்கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானமும் சீரமைப்பும் மாறி மாறி நடைபெற்று வந்துள்ளன.

நாள்தோறும் பூசை நடைபெறும் கோயில் என்பதால், இங்குள்ள கற்களைப் பேணுவதில் இரண்டு நோக்குகள் எதிரெதிரே நிற்கின்றன. கோயிலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது ஒன்று. பழைய கல்லை இயன்றவரை மாற்றாமல் வைத்திருக்கவேண்டும் என்பது மற்றொன்று. 2002 ஆம் ஆண்டு முதல் 2004 ஆம் ஆண்டு வரை இக்கோயிலின் பொறுப்பு யாருக்கு என்று எழுந்த சிக்கலின் பின்னணியிலும் இவ்வேறுபாடு இருந்தது.

கட்டமைப்பு

கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களுள் கிழக்கு இராசகோபுரம் 11 நிலைகளும் 217 அடி (66 மீட்டர்) உயரமும் கொண்டது. இதன் அடித்தளம் ஏறத்தாழ 135 அடி நீளமும் 98 அடி அகலமும் உடையது. விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்ட இக்கோபுரம், தஞ்சை நாயக்கர் மரபின் முதல் மன்னரான செவ்வப்ப நாயக்கரால் நிறைவு செய்யப்பட்டது. தெற்கிலுள்ள திருமஞ்சன கோபுரம் 157 அடியும், மேற்கிலுள்ள பேய்க் கோபுரம் 144 அடியும், வடக்கிலுள்ள அம்மணி அம்மாள் கோபுரம் 171 அடியும் உயரமுடையவை. கடைசியாகக் குறிப்பிட்டது, அம்மணி அம்மாள் என்னும் பெண் துறவி வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி எழுப்பியது என்பதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. உட்புறத்தில் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் பெயரால் அமைந்த வல்லாள மகாராசா கோபுரமும், இவற்றினும் பழமையான கிளிக் கோபுரமும், கிருட்டிணதேவராயர் காலத்து ஆயிரங்கால் மண்டபமும் உள்ளன.

கோபுரம் முழுவதும் கல்லால் ஆனது என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. தரையிலிருந்து பிரத்தரம் எனப்படும் முதற் கூரைவிளிம்பு வரையுள்ள பகுதி மட்டுமே கருங்கல்லால் ஆனது. அதற்கு மேலுள்ள நிலைகள் யாவும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டு, சுதைச் சிற்பங்களால் அணிசெய்யப்பட்டவை. மேலே செல்லச் செல்ல எடை குறைய வேண்டும் என்பதே இதன் காரணம். எனவே கல்லின் நலமும் அதன் மேலுள்ள செங்கல்லின் நலமும் பிரிக்க முடியாதவை. மேல்நிலையில் ஒரு விரிசல் வழியே இறங்கும் மழைநீர், செங்கல்லைக் கடந்து கீழேயுள்ள கல் இணைப்புகளுக்குள் வந்து சேர்கிறது. கல்லில் தெரியும் பழுதுக்கான காரணத்தைக் கல்லில் தேடாமல் அதற்கு ஐம்பது அடி மேலே தேடவேண்டியிருப்பது கோபுரப் பணியில் வழக்கமான ஒன்று.

கருங்கல் சிதைவதேன்

ஐரோப்பியப் பேராலயங்களுட் பல சுண்ணாம்புக்கல்லாலும் மணற்கல்லாலும் ஆனவை. நிலக்கரிப் புகை கலந்த மழையில் அக்கற்கள் கரைந்தும் உதிர்ந்தும் போனதால், செருமனியின் கோல்ன், பிரான்சின் இசுட்ராசுபூர்க் போன்ற நகரங்களில் பேராலயத்திற்கென்றே நிலையான கற்பட்டறைகள் இயங்கி வருகின்றன. இப்பட்டறைகளின் கைவினை மரபை யுனெசுக்கோ 2020 ஆம் ஆண்டில் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. தமிழ்நாட்டின் நிலை வேறு. வட தமிழ்நாட்டில் கிடைப்பவை பெரும்பாலும் கருங்கல், நைசு, சார்னோக்கைட்டு ஆகிய கடினப் பாறைகளே. (சார்னோக்கைட்டு என்னும் பெயர், கொல்கத்தாவில் உள்ள யோபு சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து சென்றது.) இவை அமில மழைக்கு எளிதில் கரைவதில்லை. ஆகவே, 'கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் பரவலாக உள்ளது.

ஆயினும் கருங்கல் ஒரே பொருளால் ஆனதன்று. அதில் படிகக்கல் (குவார்ட்சு), பெல்சுபார், கருநிற அப்பிரகம் முதலிய கனிமங்கள் பின்னிப் பிணைந்துள்ளன. நீர் நெடுங்காலம் தங்கினால் பெல்சுபார் மெல்ல மெல்ல வெண்களிமண்ணாக மாறுகிறது. அப்பிரகம் நீரை ஏற்று உப்பி அடுக்கடுக்காகப் பிரிகிறது. இதனால் கல்லின் மேற்பரப்பு மணல்மணலாக உதிர்கிறது, அல்லது தோல் உரிவதுபோல் தகடாகக் கழன்று விழுகிறது. தரையையொட்டிய உபானம், சகதி, குமுதம் ஆகிய அடிவரிசைகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். நிலத்தின் ஈரம் அங்குதான் கல்லுக்குள் ஏறுகிறது. ஈரத்துடன் ஏறும் உப்புகள், நீர் ஆவியானதும் கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகி உள்ளிருந்தே அதனைப் பிளக்கின்றன.

வெப்பமும் தன் பங்கை ஆற்றுகிறது. கருங்கல் ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடும்போது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 8 பங்கு நீள்கிறது. மூன்று மீட்டர் நீளமுள்ள உத்தரம் ஒன்று பகலுக்கும் இரவுக்கும் இடையே 30 பாகை வேறுபாட்டைச் சந்தித்தால் அதன் நீளம் 0.7 மில்லிமீட்டர் அளவு மாறும். இது சிறிய அளவுதான். ஆனால் ஓராண்டில் 365 முறை, ஐந்நூறு ஆண்டுகள் என்று கணக்கிட்டால் இணைப்பிலுள்ள சாந்து உதிர்ந்துபோவதில் வியப்பில்லை.

உதிர்ந்த இடைவெளிகளில் பறவைகளின் எச்சத்திலிருந்து ஆல், அரசு விதைகள் முளைக்கின்றன. கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட்டால் போதும் என்று கருதுவது தவறு. தண்டை வெட்டினால் வேர் உள்ளேயே பருத்துக்கொண்டு மீண்டும் துளிர்க்கும். பிடுங்கினால் வேருடன் கல்லும் பெயர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் மருந்திட்டு, வேர் முற்றிலும் மடிந்தபின் அந்த இடைவெளியைச் சாந்தால் நிரப்புவதே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாகும்.

மற்றொரு பகை இரும்பு. பழைய கட்டுமானத்தில் கற்கள் பெரும்பாலும் தம் எடையாலும், குடைவு முளை இணைப்பாலுமே நிற்கின்றன. பிற்காலத்தில் பொருத்தப்பட்ட கம்பித்தடுப்புகள், மின்குழாய்கள், ஒலிபெருக்கிகள், பந்தற்கால்கள் ஆகியவற்றிற்காகக் கல்லில் துளையிட்டு இரும்பு செருகப்படுகிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்காகிச் சுற்றியுள்ள கல்லைப் பிளந்துவிடும். கிரேக்க நாட்டுப் பார்த்தினான் கோயிலில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைச் சீர்செய்த நிக்கோலாசு பலானோசு பயன்படுத்திய இரும்புப் பற்றிகள் துருவேறிப் பளிங்கை வெடிக்கச் செய்தன. பண்டைய கிரேக்கர்கள் தம் இரும்புப் பற்றிகளை ஈயத்தில் பொதிந்து வைத்ததால் அவற்றுட் பல கெடாமல் இருந்தன. பின்னர் வந்த வல்லுநர்கள் பலானோசின் பற்றிகளை அகற்றி, துருப்பிடிக்காத தைட்டானியத்தைப் பொருத்தினர். பழுதுபார்த்ததையே பழுதுபார்க்க நேர்ந்த இந்நிகழ்வு, பாதுகாப்புத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

கூரையின் சுமை

திருவண்ணாமலை போன்ற கோயில்களில் மண்டபங்களின் கூரை, தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்தரங்களாலும் அவற்றின் மேல் பாவிய கற்பலகைகளாலும் ஆனது. இதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இடப்பட்டு, தட்டோடு பதிக்கப்படும். மழைநீர் வழிந்தோட வாட்டம் அமைப்பதும் இத்தளத்திலேயே.

கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. கருங்கல்லின் இழுவலிமை அதன் அழுத்தவலிமையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தூண் அழுத்தத்தில் நிற்பதால் அதற்குக் கவலையில்லை. இரு தூண்களுக்கிடையே கிடக்கும் உத்தரமோ வளைய முற்படுகிறது. அதன் அடிப்பக்கம் இழுவிசைக்கு உட்படுகிறது. விரிசல் அங்குதான், நடுவில், கீழிருந்து மேலாகத் தொடங்கும்.

கூரை ஒழுகும்போது பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதியது இடுவதே முறை. பெயர்ப்பது கடினமான வேலை என்பதால், பழையதன் மேலேயே புதிய தளம் இட்டுவிடும் வழக்கம் பல கோயில்களில் இருந்துள்ளது. ஒவ்வொரு திருப்பணியின்போதும் இவ்வாறு செய்தால் கூரை அடுக்கடுக்காகத் தடித்துவிடும். செங்கல் சல்லித் தளம் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.9 டன் எடையுடையது எனக்கொண்டால், 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு மேல்தளம் ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் 285 கிலோகிராம் சுமையைக் கூட்டுகிறது. மழையில் ஊறினால் இன்னும் கூடும். கீழே நின்று பார்ப்பவர்க்கு உத்தரம் விரிந்திருப்பது மட்டும் தெரியும். கூரை தடித்திருப்பது தெரியாது. உத்தரத்தை மாற்றிவிட்டுச் சுமையை அப்படியே விட்டுவிட்டால் புதிய உத்தரமும் ஒருநாள் விரியும். இத்தகைய மண்டபங்களில் முதலில் செய்யத்தக்கது பழைய தளங்களை அகற்றிச் சுமையைக் குறைப்பதேயாகும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமில வளி வெளியேறி நீறாகிறது. அதனை நீரில் நீற்றி, மணலுடன் சேர்த்துச் செக்கில் அரைத்துச் சாந்தாக்குவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது தமிழ்நாட்டு வழக்கம். கட்டியபின் இச்சாந்து காற்றிலுள்ள கரியமில வளியை மீண்டும் உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. இம்மாற்றம் மிகவும் மெதுவானது. தடித்த சுவர்களில் பல்லாண்டுகள் நடைபெறும்.

சிமெண்ட் சாந்து சில நாட்களில் இறுகிவிடும். வலிமையும் மிகுதி. அப்படியிருக்க அது ஏன் கூடாது என்ற கேள்வி இயல்பாக எழும். பழைய கட்டடத்தில் சாந்தின் வேலை கல்லைவிட வலிமையாக இருப்பதன்று. கற்கள் வெப்பத்தால் அசையும்போது அவ்வசைவைத் தான் ஏற்றுக்கொள்வதும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழிவிடுவதுமே அதன் வேலை. மென்மையான சுண்ணாம்புச் சாந்து விரிந்தால் அடுத்த திருப்பணியில் அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு சாந்து பூசலாம். இறுகிய சிமெண்ட் இணைப்போ அசைய மறுக்கிறது; விரிசல் சாந்தில் விழாமல் கல்லின் விளிம்பில் விழுகிறது. ஈரம் இணைப்பின் வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகத்தின் வழியே வெளியேறுகிறது. சிமெண்டிலுள்ள கரையக்கூடிய உப்புகளும் உடன் வந்து மேற்பரப்பை உதிர்க்கின்றன. மேல்நிலைகளின் செங்கல்லில் இக்கேடு இன்னும் விரைவாக நிகழும். எண்ணெய் கலந்த பளபளப்பு வண்ணப்பூச்சும் ஏறத்தாழ இதே தீமையைச் செய்கிறது. சுண்ணாம்பு வெள்ளை அவ்வாறன்று. அது ஈரத்தை வெளியேற விடும். திருவண்ணாமலைக் கோபுரங்கள், மதுரைக் கோபுரங்களைப் போலப் பல வண்ணங்கள் தீட்டப்படாமல் ஒரே வெளிர்நிறத்தில் விளங்குவது கண்ணுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும் ஏற்றதாக இருக்கக்கூடியது. ஆனால் அது எந்தப் பூச்சு என்பதைப் பொறுத்தே.

மணல்வீச்சும் கல்வெட்டுகளும்

தூண்களிலும் சுவர்களிலும் எண்ணெய்ப்பிசுக்கு, விளக்குப்புகை, பல அடுக்குச் சுண்ணாம்பு ஆகியவை படிந்துவிடுகின்றன. குடமுழுக்கு நெருங்கும்போது இவற்றை விரைவாக நீக்குவதற்காக, அழுத்தமேற்றிய காற்றுடன் மணலைக் கல்லின் மீது வீசும் முறை தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவியது. ஒரே நாளில் கருந்தூண் வெண்தூணாகிவிடும். வந்து பார்ப்பவர்களும் பாராட்டுவர்.

மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல் துகள். அதன் கடினம் மோவு அளவையில் 7. கல்லிலுள்ள பெல்சுபாரின் கடினம் 6. அப்பிரகத்தின் கடினம் 3 அல்லது அதற்கும் குறைவு. ஆகவே மணல்வீச்சு அழுக்கை மட்டும் நீக்குவதில்லை. மென்மையான கனிமங்களைத் தோண்டி எடுத்துக் கல்லைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. சிற்பியின் உளித்தடம் அழிந்துபோகும். சொரசொரப்பான பரப்பில் நீரும் அழுக்கும் முன்னைவிட மிகுதியாகத் தங்கும். எல்லாவற்றிலும் பெரிய இழப்பு கல்வெட்டுகளுக்கே. பெரும்பாலான கல்வெட்டு எழுத்துகள் சில மில்லிமீட்டர் ஆழமே உடையவை. விளிம்பு மழுங்கினால் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்தறிய இயலாது. நிலத்தின் பரப்பு, நெல்லின் அளவு, கொடையாளரின் பெயர் என்று அதில் பதிந்திருந்த செய்தி பின்னர் எந்தத் திருப்பணியாலும் திரும்பக் கிடைக்காது. இதன் தீமை உணரப்பட்ட பின்னர் இந்து சமய அறநிலையத்துறை மணல்வீச்சுக்குத் தடைவிதித்தது.

மாற்றுவழிகள் மெதுவானவை. மென்தூரிகையும் குறைந்த அழுத்த நீரும் முதற்படி. எண்ணெய்ப் பிசுக்குக்கு, நீர்த்த அம்மோனியாவும் மென்மையான வழலையும் கலந்த காகிதக்கூழையோ முல்தானி மண்ணையோ கல்லின் மேல் அப்பி, அது உலரும்போது அழுக்கை உறிஞ்சிக்கொள்ள விட்டு, பின்னர் உரித்தெடுப்பர். ஒரு தூணுக்கே பல நாட்கள் ஆகலாம்.

திருவண்ணாமலையைப் பொறுத்தவரை ஒரு நற்பேறு உண்டு. இங்குள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்துள்ளார். பிரான்சுவாசு லெர்னோல், பியேர் பிசார், சான் தெலோசு ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோயிலின் தொல்லியலையும் கட்டடங்களையும் அளந்து ஆராய்ந்து தனித்தொகுதியாக எழுதியுள்ளனர். இவை 1990 ஆம் ஆண்டில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வாயிலாக வெளிவந்தன. இத்தகைய விரிவான ஆவணம் பெற்ற தமிழகக் கோயில்கள் மிகச் சிலவே. எந்தக் கல் எங்கே இருந்தது என்று பின்னர் ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இங்கே ஓர் அடிப்படை இருக்கிறது.

கற்கள் பார்வையிலிருந்து மறைவதற்கு மணல்வீச்சு தேவையில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். பழைய தரையின் மேல் மெருகேற்றிய பலகைகள் பதித்துத் தரைமட்டத்தை உயர்த்தும்போது, அடிவரிசைகளும் அவற்றிலுள்ள எழுத்துகளும் புதைந்துபோகின்றன. பல கோயில்களில் உபானமே கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு இதுவே காரணம்.

ஆய்வும் சீரமைப்பும்

ஒரு கல் ஒலிக்கும் விதத்தைக்கொண்டு அதன் தரத்தை அறிவது சிற்பிகளின் பழைய முறை. வெண்கல மணிபோல் ஒலித்தால் ஒருவகை, மந்தமாக ஒலித்தால் வேறுவகை எனப் பிரித்து, ஆண்கல், பெண்கல் முதலிய பெயர்களால் வழங்குவர். இன்றைய பொறியாளர்களின் மீயொலிச் சோதனையும் அடிப்படையில் இதுவே. குறையற்ற கருங்கல்லில் ஒலி நொடிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். உள்ளே விரிசலோ சிதைவோ இருந்தால் வேகம் குறையும். கல்லைத் துளைக்காமலே அதன் உள்நிலையை அறிய இது உதவுகிறது.

விரிசல் ஒன்றைக் கண்டவுடன் அதனை அடைத்துவிடுவது விரும்பத்தக்கதன்று. அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்பதே முதற் கேள்வி. விரிசலின் குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வைத்தால், விரிசல் அசையும்போது கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். அளவுகோல் பொறித்த தகடுகளும் இதற்குப் பயன்படுகின்றன. கோடையும் வடகிழக்குப் பருவமழையும் கடந்துசெல்லும் வகையில் குறைந்தது ஓராண்டு கவனிக்கவேண்டும். குடமுழுக்குக்கு நாள் குறித்தபின் பணி தொடங்கும் இடங்களில் இந்த ஓராண்டு கிடைப்பதில்லை. திருப்பணிகளின் குறைகளுட் பல, திறமைக் குறைவால் அன்றி நாட்குறைவால் நேர்ந்தவை எனலாம்.

மண்டபத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்ட நேர்ந்தால், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, வரைபடத்திலும் நிழற்படத்திலும் பதிந்தபின்பே இறக்குவர். உடைந்த கல்லின் துண்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு முளைகளால் இணைத்து மீண்டும் பயன்படுத்துவது முதல் விருப்பம். அது இயலாதபோது மட்டும் புதுக்கல். புதுக்கல் பழைய கல்லின் இனத்தைச் சேர்ந்ததாகவும், வெடிவைக்காமல் எடுத்ததாகவும் இருத்தல் நலம். வெடிவைத்து எடுத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கக்கூடும். வரிசையாகக் குழிகள் வெட்டி உளி இறக்கிப் பிளக்கும் பழைய முறையில் இத்தீங்கு குறைவு. கல் கிடைத்தாலும் செதுக்கும் கை வேண்டும். மாமல்லபுரத்தில் 1957 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம், பின்னர் கல்லூரியாக வளர்ந்து, இக்கலையைக் கற்பித்து வருகிறது. ஐரோப்பாவில் பேராலயப் பட்டறைகள் ஆற்றும் பணியை இங்கு ஓரளவு இதுவும், பரம்பரைத் தபதிகளின் குடும்பங்களும் ஆற்றுகின்றன. எனினும் ஒரு கோயிலுக்கென்றே ஆண்டு முழுவதும் பணியாற்றும் பட்டறை என்ற அமைப்பு இங்கு வேரூன்றவில்லை. திருப்பணி அறிவிக்கப்படும்போது வந்து, குடமுழுக்கு முடிந்ததும் செல்வதே பெரும்பான்மை வழக்கு.

திருப்பணி மரபு

பழுதுபட்ட கோயிலைச் சீர்செய்வது ஆகமங்களிலும் சிற்பநூல்களிலும் சீர்ணோத்தாரணம் என்று கூறப்படுகிறது. மயமதம் என்னும் நூல் இதற்கென ஒரு தனி அத்தியாயத்தைக் கொண்டுள்ளது. பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் ஆற்றலை வேறோர் உருவுக்கு மாற்றுவர். பணி முடிந்தபின் குடமுழுக்கு நடைபெறும். சிலைகளைப் பீடத்துடன் இணைக்கும் அட்டபந்தனம் என்னும் மருந்து, கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் செய்யப்படுவது. இது காலப்போக்கில் இளகி உதிரும் என்பதால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்பது வழக்கு. இவ்வாறு பார்த்தால், பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சி என்பது சமயச் சடங்கு மட்டுமன்று. கட்டடத்தை முறையாகப் பார்வையிட வைக்கும் ஏற்பாடும் ஆகும்.

1964 ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் இதற்கு வேறான கொள்கையை முன்வைத்தது. பழம்பொருளின் உண்மைத்தன்மை அதன் பொருளிலேயே உள்ளது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். 1994 ஆம் ஆண்டில் சப்பானில் உருவான நாரா ஆவணம் இதனைத் தளர்த்தி, உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிப்பிடவேண்டும் என்றது. வழிபாடும் கைவினை மரபும் தொடர்வதும் உண்மைத்தன்மையின் பகுதியே என்று வாதிட நாரா ஆவணம் இடமளிக்கிறது. ஆனால் சிமெண்டுக்கோ மணல்வீச்சுக்கோ அது இடமளிக்கவில்லை. அவை இரண்டும் மரபும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

2002-2004 பொறுப்புச் சிக்கல்

2002 ஆம் ஆண்டில் இக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அதே ஆண்டில் நடுவண் அரசின் இந்தியத் தொல்லியல் ஆய்வகம், 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்க முற்பட்டது. அதுவரை கோயில் 1959 ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி மாநில அறநிலையத்துறையின் நிருவாகத்தில் இருந்துவந்தது.

அறிவிப்பு நகரில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பூசை முறைகளிலும் திருவிழாக்களிலும் கட்டுப்பாடு வரும் என்று பக்தர்கள் அஞ்சினர். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு என்னும் 1992 ஆம் ஆண்டு விதி, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வீடும் கடையும் வைத்திருந்தவர்களைக் கவலைக்குள்ளாக்கியது. நான்கு மாடவீதிகளும் நகரின் உயிர்நாடி என்பதால் இக்கவலையைப் பொருளற்றதாகக் கூற இயலாது. மறுபுறம், முறையான பாதுகாப்பு அறிவியல் இக்கோயிலுக்குத் தேவை என்ற கருத்தும் பொருளற்றதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் தொல்லியல் ஆய்வகத்தின் பொறுப்பும் நாள்வழிபாடும் ஒருங்கே நடந்துவருவதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினர். போராட்டங்களும் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கும் தொடர்ந்தன. இறுதியில் 2004 ஆம் ஆண்டில் அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது; கோயில் அறநிலையத்துறையிடமே நின்றது.

பொறுப்பு யாருடையது என்பது முடிவானது. கல்லை எப்படிப் பேணுவது என்னும் கேள்வி அப்போது முடிவாகவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை

2010 மே 26 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சீகாளத்தியில் ஏழுநிலை இராசகோபுரம் இடிந்து விழுந்தது. அதுவும் கிருட்டிணதேவராயர் 1516 ஆம் ஆண்டில் எழுப்பியது. கோபுரத்தில் இருந்த விரிசல் விரிவதைக் கண்டு முன்னரே அருகிலிருந்த மக்கள் அகற்றப்பட்டிருந்தனர். ஒரே மன்னர், ஏறத்தாழ ஒரே காலம், கல் அடித்தளமும் செங்கல் மேல்நிலைகளும் கொண்ட ஒரே கட்டுமுறை என்பதால், தமிழ்நாட்டுப் பெருங்கோபுரங்களின் நிலை பற்றிய கவலை அதன்பின் கூடியது. சீகாளத்தியில் புதிய கோபுரம் 2017 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கோயில்களின் பாழ்நிலை குறித்து 2015 ஆம் ஆண்டில் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெசுக்கோ வல்லுநர்கள் கோயில்களைப் பார்வையிட்டு 2017 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். பாதுகாப்புத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் போதிய அளவில் இல்லாததும், பொருந்தாத முறைகளால் பழமை அழிவதும் அதில் சுட்டப்பட்டன. அதே ஆண்டில் திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில் சீரமைப்புக்கு யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அக்கோயிலும் அறநிலையத்துறையின் நிருவாகத்தில் இருப்பதே. அறநிலையத்துறையால் இது இயலாது என்ற வாதத்துக்கு இது தக்க மறுமொழியாக அமைந்தது. 2021 சூன் 7 அன்று உயர்நீதிமன்றம் மேற்சொன்ன வழக்கில் 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. மரபுச்சின்ன ஆணையம் ஒன்றை அமைப்பதும் அவற்றுள் அடங்கும். பழமையான கோயில்களின் திருப்பணிக்கு வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் பெறும் நடைமுறையும் வழக்குக்கு வந்துள்ளது.

இடையில் 2018 பெப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. படிகக்கல் 573 பாகை வெப்பத்தில் திடீரெனப் பருமன் கூடும் இயல்புடையது. எனவே நெருப்பில் பட்ட கருங்கல் தூண்கள் வெடித்துச் சிதறின. எரியும் பொருட்களைக் கல்மண்டபங்களில் வைத்திருப்பது எத்தகைய இடர் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

திருவண்ணாமலையில் 2002 ஆம் ஆண்டுக்குப் பிறகு அடுத்த குடமுழுக்கு 2017 பெப்ரவரி 6 அன்று, பதினைந்து ஆண்டுகள் கழித்து நடைபெற்றது. பன்னிரண்டு ஆண்டு வழக்கின்படி கணக்கிட்டால் அதற்கடுத்தது 2029 ஆம் ஆண்டளவில் வரவேண்டும். கார்த்திகைத் தீபத்துக்கும் மாதந்தோறும் முழுநிலவு நாளில் நடைபெறும் கிரிவலத்துக்கும் பெருந்திரளான மக்கள் வருவதால், கோயிலை மூடிவைத்துப் பணி செய்ய இங்கு வழியில்லை. விரிசல்களை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அளந்து பார்ப்பதற்கும், மண்டபக் கூரைகளின் தடிப்பைத் துளையிட்டு அறிவதற்கும், குடமுழுக்குக்கு நாள் குறிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டுகளே ஏற்றவை.